காணவில்லை என்கிற உரைநடை

2017 டிசம்பரில் கிரிக்கெட் வீரர் ஜஸ்பிரித் பும்ராவின் தாத்தா அகமதாபாத்தில் காணாமல் போனார். வயது 84. 10ஆம் தேதி சபர்மதி ஆற்றில் உடல் கிடைத்தது. அன்று பேரன் தர்மசாலாவில் இலங்கைக்கு எதிராக ஆடிக்கொண்டிருந்தார்.

ஐயமற்ற செய்தி இவ்வளவே. இவற்றுக்கு இடையிலிருந்த வெற்றிடத்தை யாராலும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. புகழ், நன்றிகெட்ட சந்ததி, கைவிடப்பட்ட முதுமை என்று தயாராயிருந்த அச்சில் கிழவரை வார்த்தார்கள். நாட்றம்பள்ளி டீக்கடை பெஞ்சில் பேப்பர் பார்த்தவர்களிடமும் தீர்ப்பு இருந்தது. சபர்மதியைப் பார்த்திராதவர்களுக்கு அது எப்படி சாத்தியமாயிற்று? அந்தக் கதையை அவர்கள் சினிமாவிலும் தொடர்கதைகளிலும் முன்பே அறிந்திருந்தார்கள். எழுதிக் கொடுத்தவர்கள் நாம்தான்.

இதே ஊர்களின் பஸ் நிலையச் சுவர்களில் ஒட்டப்படும் 'காணவில்லை' நோட்டீஸின் உரைநடை வேறு. வயது, உயரம், சட்டையின் நிறம், மச்சம். காரணமில்லை, நீதியில்லை, அடைமொழியில்லை. ஆளைத் திரும்பப் பெற விரும்புகிறவன் எழுதுவது அது. ஊகத்துக்கு ஆள் தேவையில்லை. முடிவு கிடைத்தால் போதும்.

முதியவர்களைப் பற்றி நம் சிறுபத்திரிகைகளில் வரும் கதைகளையும் இந்தச் சுவரருகே வைத்துப் படிக்கவேண்டும். கிழவரின் சட்டை என்ன நிறம் என்று அவற்றில் எத்தனை சொல்கின்றன?