தேடல்காரர்கள் கூடும் இடம்

தமிழ்த் தேடுபொறிக்கு நீடாமங்கலம் என்ற ஊர்ப்பெயர் நல்ல பரீட்சை. ‘நீடாமங்கலத்தில்’, ‘நீடாமங்கலத்துக்கு’, ‘நீடாமங்கலத்தார்’ என்று எழுதும்போது ஈற்று மகரம் கெட்டு அத்துச் சாரியை வந்துவிடும். எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் பொறி இவற்றையெல்லாம் தவறவிடும். பழந்தமிழ் இலக்கியத்துக்குப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 1967 முதல் 1970 வரை 3 தொகுதிகளாக, எந்தச் சொல் எங்கே வருகிறது என்று காட்டும் சொல்லடைவு வெளியிட்டது. அதில் சொற்களைப் பிரித்தது அறிஞர்களின் புலமை. லட்சக்கணக்கான பக்கங்கள் என்றாகிவிட்டால் அதைப் பொறிதான் செய்யவேண்டும்; பொறிக்கு இலக்கணம் சொல்லித்தர ஒருவர் போதாது.

அதனால்தான் தமிழ் இணைய மாநாடுகளை நடத்தியவர்கள்மீது எனக்கு அவ்வளவு மரியாதை. 1997இல் சிங்கப்பூரில் கூடினார்கள். 1999 சென்னை மாநாட்டின் பயனாகத் தமிழ்99 விசைப்பலகை வந்தது. 2000இல் உத்தமம் (உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம்) அமைப்பு பிறந்தது. இலக்கணம் அறிந்தவரையும் நிரல் எழுதுபவரையும் ஒரே மேசையில் உட்கார வைப்பது பெரிய கலை. வரவேற்புரையைச் சுருக்கி, கேள்விக்கு நேரம் விடுவதும் அதில் சேர்த்தி. மேடையில் வெற்றிகளைச் சொல்வார்கள். தேநீர் இடைவேளையில்தான், எந்தச் சொல்லில் பொறி திணறியது என்ற உண்மை வெளிவரும்.

இனி மாநாடு நடத்துபவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பெரிய தரவுகளைக் கட்டிக் காப்பவர்கள் தங்கள் சிக்கல்களை மட்டும் பேச, அரைநாள் ஒதுக்குங்கள்.