விடையையும் கருவியே எழுதினால்

ஆவணத்தில் உள்ள நிரல் துண்டுகளைத் தானாக ஓட்டி, வரும் வெளியீட்டையும் கருவியே அடியில் நிரப்பிவிடும் வழக்கத்தை இப்போது நல்ல பொறியியலின் அடையாளமாகவே பேசுகிறார்கள். பாதி நியாயம்தான். ஓடாத எடுத்துக்காட்டை நம்பி நகலெடுத்தவர்கள் படும் பாடு தெரிந்ததே. அதைத் தவிர்க்க, ஆவணத் துண்டுகளை ஓட்டிச் சரிபார்க்கும் கருவியாக டிம் பீட்டர்ஸ் 1999-இல் எழுதிய டாக்டெஸ்ட், 2001-இல் வந்த 2.1 பதிப்பிலிருந்து பைத்தானுடனேயே வருகிறது. ரஸ்ட்டின் கார்கோ டெஸ்ட்டும் ஆவணத் துண்டுகளைச் சேர்த்தே ஓட்டுகிறது. ஓட்டுவதில் எனக்கு வழக்கில்லை. விடை எழுதும் வேலையையும் கருவியிடம் விடுவதில்தான் வழக்கு.

டாக்டெஸ்ட்டில் விடையை எழுதுபவர் ஆசிரியர். சொன்னது சரியா என்று இயந்திரம் பார்க்கிறது. ஓகாமல் மொழியின் எம்டிஎக்ஸ் போன்ற கருவிகளிலோ, வெளியீடு மாறிச் சோதனை தோற்றால் ட்யூன் ப்ரமோட் என்று ஒரே கட்டளை. புது விடை கோப்பில் ஏறி, தோல்வி தேர்ச்சியாகிவிடும். மாணவன் எழுதிய தாளையே விடைக்குறிப்பாக வைத்துத் திருத்துகிற கதைதான். பைத்தானில் எண்ணை முழு எண்ணாக்கும் ரவுண்ட்டையே எடுத்துக்கொள்வோம். 2.5-ஐக் கொடுத்தால் பைத்தான் 2-இல் 3.0 வந்தது, பைத்தான் 3-இல், அருகிலுள்ள இரட்டைப்படை எண்ணுக்குப் போய், 2 வருகிறது. ‘சரிபாதி வந்தால் மேலே ஏற்றும்’ என்று விளக்கம் சொல்லும் பக்கத்தில், நிரப்பும் கருவி 3.0-ஐ அழித்து 2 என்று போட்டுவிட்டுப் போகும். மேலே உள்ள விளக்கத்தை அது படிப்பதில்லை. வாசகருக்கு மிஞ்சுவது ஒன்றையொன்று மறுக்கும் இரண்டு வரிகள், அவற்றின் மேல் ஒரு தேர்ச்சி முத்திரை.

மாற்றங்களை ஏற்குமுன் யாராவது பார்ப்பார்களே என்பார்கள். ஆனால் 2024-இல் பைத்தானின் எண்கணக்கு நூலகமான நம்பையின் 2.0 பதிப்பு வந்தபோது, 3.0 என்று காட்டிய இடங்களில் என்பி.ஃப்ளோட்64(3.0) என்று காட்டத் தொடங்கியது, அதைச் சார்ந்த ஆவணங்களில் எடுத்துக்காட்டுகள் வரிசையாக மாறின. வெறும் தோற்ற மாற்றங்களின் வெள்ளத்தில் உண்மையாகவே பிழையான ஓர் எண் கலந்திருந்தால், எந்தக் கண் அதைப் பிடிக்கும்? அத்தனையையும் கையால் திருத்துவது வீண் உழைப்பு என்பதும் பொருந்தாது. பழைய தோற்றத்திலேயே அச்சிட நம்பையில் அமைப்பு உண்டு. மாறக்கூடிய பகுதியை மூன்று புள்ளிகளால் விட்டுவிட டாக்டெஸ்ட்டில் வழி உண்டு. தோற்றம் மாறினால் ஒப்பீட்டைத் தளர்த்தினால் போதும். மதிப்பே மாறினால், விளக்கத்தை மறுபடி படித்த ஒருவர் புதிய விடையைத் தானே தட்டச்சு செய்யட்டும். அந்தச் சிரமத்தை மிச்சப்படுத்தும் கருவி, ஆவணம் சொல்வது உண்மை என்பதற்கு எந்தச் சான்றும் தருவதில்லை.