பெயர் சொந்தம், பெட்டி வாடகை: தூத்துக்குடிச் சிறு நிறுவனங்களின் மின்னஞ்சல்

தூத்துக்குடியில் ஒரு கிளியரிங் ஏஜென்சியின் வேலைநாள் மின்னஞ்சலில்தான் தொடங்குகிறது. கப்பல் வருகை அறிவிப்பு, முந்திரி இறக்குமதியாளரின் இன்வாய்ஸ், கொழும்பில் கப்பல் மாறிய கன்டெய்னரின் நிலவரம் எல்லாம் அதில்தான் வந்து விழுகின்றன. 2020 ஏப்ரல் 15 முதல் சுங்கத்துறை, பில் ஆஃப் என்ட்ரி என்ற இறக்குமதி ஆவணத்தின் ‘அவுட் ஆஃப் சார்ஜ்’ (சரக்கு விடுவிப்பு) பிரதியையும் கேட் பாஸையும் பிடிஎஃப் ஆக்கி மின்னஞ்சலிலேயே அனுப்புகிறது. ஒரு கடிதம் அரை நாள் காணாமல் போனால் சரக்கு யார்டிலேயே கிடக்கும், டெமரேஜ் என்னும் தாமதக் கட்டணம் ஏறும். ஆனாலும் மேசை வாங்குவதற்குக் காட்டும் யோசனையைக்கூட இங்குள்ள பல சிறு அலுவலகங்கள் மின்னஞ்சல் ஏற்பாட்டுக்குக் காட்டுவதில்லை.

அதிகம் புழங்குவது இலவச ஜிமெயில். அதைக் குறை சொல்வது எளிது. அதன் பலத்தையும் சொல்ல வேண்டும். குப்பைக் கடிதங்களை வடிகட்டுவதில் அதற்கு நிகரானவை குறைவு. போனில் திறக்கும், செலவில்லை, யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. குறை வேறிடத்தில் இருக்கிறது. இறக்குமதிப் பிரிவு, ஏற்றுமதிப் பிரிவு, கணக்குப் பிரிவு மூன்றும் ஒரே கடவுச்சொல்லில் நுழைகின்றன. யார் எதை அனுப்பினார், யார் எதை அழித்தார் என்பதற்குத் தடயமில்லை. கணக்கைத் தொடங்கிய ஊழியர் வேலையை விட்டுப் போகும்போது பத்தாண்டுக் கடிதங்களின் சாவி அவருடைய போன் எண்ணோடு போய்விடுகிறது.

இதற்கு நேரெதிரான யோசனை, அலுவலகத்திலேயே சொந்தமாக ஒரு மெயில் சர்வர் வைப்பது. போஸ்ட்ஃபிக்ஸ், டவ்காட் போன்ற மென்பொருள்கள் இலவசம். பழைய கம்ப்யூட்டர் ஒன்றே போதும். ஆள் ஒன்றுக்கு மாத வாடகை கிடையாது. வாடிக்கையாளரின் விலை விவரங்கள் நம் வட்டிலேயே இருக்கும். இந்தத் தன்னாட்சி ஆசையை நான் மதிக்கிறேன். 1906இல் சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனி தொடங்கிய ஊர் இது. பிறர் கலத்தை நம்பிச் சரக்கேற்றுவதன் ஆபத்தை இவ்வூருக்கு விளக்க வேண்டியதில்லை.

ஆனால் கடிதங்களைப் பெறுவது ஒரு வேலை, அனுப்புவது வேறு வேலை. இந்த இரண்டாவதில்தான் சொந்த சர்வர் தடுமாறுகிறது. சாதாரண பிராட்பேண்ட் ஐபி எண்களில் பல, நேரடியாக அஞ்சல் அனுப்பக் கூடாதவை என்று ஸ்பேம்ஹவுஸ் போன்ற தடுப்புப் பட்டியல்களில் முன்கூட்டியே இடம்பெற்றிருக்கின்றன. நிலையான எண் வாங்கினாலும், அந்த எண்ணைக் கேட்டால் நம் சர்வரின் பெயர் வரும்படி இணைய நிறுவனம் பதிவு செய்து தர வேண்டும். 2024 பிப்ரவரி முதல் ஜிமெயில், தனக்குக் கடிதம் அனுப்பும் எல்லோரிடமும் இந்தப் பதிவையும், எஸ்பிஎஃப் அல்லது டிகேஐஎம் சான்றையும் கேட்கிறது. எஸ்பிஎஃப் என்பது நம் பெயரில் அனுப்ப எந்த சர்வர்களுக்கு உரிமை உண்டு என்ற அறிவிப்பு. டிகேஐஎம் ஒவ்வொரு கடிதத்திலும் இடும் மின் கையொப்பம். இவற்றில் ஒன்று பிசகி, கடிதம் திரும்பி வந்தால் நல்லது, தெரிந்துகொள்ளலாம். பல நேரம் அது எதிராளியின் ஸ்பேம் பெட்டியில் சத்தமில்லாமல் விழுகிறது. விலைப்புள்ளி போய்ச் சேர்ந்தது என்று இங்கே நினைப்போம். பதில் சொல்லாத ஏஜென்ட் என்று அங்கே நினைப்பார்கள்.

பராமரிப்பு இன்னொரு சுமை. 2021 மார்ச்சில் மைக்ரோசாப்ட் எக்ஸ்சேஞ்ச் சர்வரின் ஓட்டைகள் வழியே ஹேக்கர்கள் உலகெங்கும் பல்லாயிரம் சர்வர்களுக்குள் ஊடுருவினார்கள். திருத்தம் வெளிவந்த பிறகும் அதைப் போடாதவர்கள் மாட்டினார்கள். மாதம் ஒருமுறை வந்துபோகும் கம்ப்யூட்டர் பார்க்கிற தம்பியிடம் இந்தப் பொறுப்பை ஒப்படைப்பது நியாயமில்லை. பிறகு வெள்ளம் இருக்கிறது: 2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை. தூத்துக்குடியில் பல பகுதிகள் நாள்கணக்கில் தண்ணீரில் நின்றன, மின்சாரமும் இல்லை. அனுப்புகிற சர்வர்கள் பொதுவாக நாலைந்து நாள் மீண்டும் மீண்டும் முயலும் என்பதால் கடிதங்கள் உடனே அழிந்துவிடாது. ஆனால் ஊரைவிட்டு வெளியேறியவர் போனிலாவது கடிதம் பார்க்க வேண்டிய அந்த நாள்களில், தரைத்தளத்து சர்வர் எதற்கு உதவும்?

இலவச ஜிமெயிலுக்கும் சொந்த சர்வருக்கும் நடுவில், இணையதளம் செய்துகொடுத்தவரே சேர்த்துத் தரும் மெயில் வசதி ஒன்று உண்டு. மலிவானது. ஆனால் முன்பின் தெரியாத பல நிறுவனங்களோடு ஒரே ஐபி எண்ணைப் பகிர வேண்டும். அவர்களில் ஒருவர் குப்பைக் கடிதம் அனுப்பினால் கெட்ட பெயர் நமக்கும் சேரும். தேர்வுகளில் இதுதான் மிக மோசமானது என்பேன்.

ஆகவே ஐந்து முதல் நாற்பது பேர் உள்ள அலுவலகத்துக்கு ஜோஹோ மெயில், கூகுள் வொர்க்ஸ்பேஸ், மைக்ரோசாப்ட் 365 போன்ற வாடகைச் சேவையே சரி. ஜோஹோவின் இந்தியத் தரவு மையங்கள் சென்னையிலும் மும்பையிலும் இருக்கின்றன. மத்திய அரசு ஊழியர்களின் அஞ்சலும் அதற்கு மாறியிருக்கிறது. ஆனால் வாடகைக்காரன் வாடகைக்காரன்தான். 2025 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியத்தின் தடையைத் தொடர்ந்து நயாரா எனர்ஜிக்கு மைக்ரோசாப்ட் சேவையை நிறுத்தியது. நயாரா டெல்லி உயர் நீதிமன்றம் போன பிறகே அது திரும்ப வந்தது. பெரிய எண்ணெய் நிறுவனம் வழக்குப் போட முடிந்தது. தூத்துக்குடி வி.இ. ரோட்டில் ஆறு பேர் இருக்கும் அலுவலகம் என்ன செய்யும்?

அதற்குச் செய்ய முடிந்தது ஒன்று உண்டு: டொமைன் பெயரைத் தன் நிறுவனத்தின் பெயரிலேயே, தன் சொந்தக் கணக்கிலேயே பதிவு செய்து வைத்திருப்பது. ஆண்டுக்கு ஏறக்குறைய ஆயிரம் ரூபாய்ச் செலவு. பெயர் கையில் இருந்தால், கடிதங்கள் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் பதிவை மாற்றிப் புதுக் கடிதங்களைச் சில மணி நேரத்தில் வேறு சேவைக்குத் திருப்பிவிடலாம். பழைய கடிதங்களுக்குத்தான் அந்த அலுவலகக் கம்ப்யூட்டர்: இரவுதோறும் எல்லாப் பெட்டிகளின் நகலும் அதில் இறங்கட்டும், இன்னொரு நகல் வேறு ஊரில் இருக்கட்டும். தபால் நிலையமாக இருக்க முடியாத கருவி நல்ல பீரோவாக இருக்கும். நடைமுறையோ தலைகீழ்: டொமைன் பல இடங்களில் இணையதளம் செய்தவரின் கணக்கில் கிடக்கிறது, நகல் எங்குமே இல்லை.

எந்த சர்வரும் தீர்க்காத சிக்கல் ஒன்று மிச்சமிருக்கிறது. இறால் ஏற்றுமதி செய்பவரின் அஞ்சல் பெட்டிக்குள் ஒருவன் நுழைந்து, இன்வாய்ஸ் அனுப்பும் நேரம் வரை காத்திருந்து, ‘எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது’ என்று வாங்குபவருக்கு எழுதுகிறான். இப்படிப்பட்ட வணிக அஞ்சல் மோசடியில் 2023இல் மட்டும் அமெரிக்காவின் எஃப்பிஐக்கு வந்த புகார்களின் இழப்பு 290 கோடி டாலர். எஸ்பிஎஃப், டிகேஐஎம் சான்றுகளைச் சார்ந்த டிஎம்ஏஆர்சி என்ற ஏற்பாடு நம் பெயரைப் போலியாக இடுவதைத் தடுக்கும். ஓர் எழுத்து மாறிய டொமைனையோ, திருடப்பட்ட உண்மையான பெட்டியையோ தடுக்காது. ஒவ்வொரு ஊழியருக்கும் தனிப் பெட்டி, இரண்டடுக்குச் சரிபார்ப்பு, கணக்கு எண் மாற்றம் என்றால் ஏற்கெனவே தெரிந்த எண்ணுக்குப் போன் செய்து கேட்பது, நம் பணம் போய்விட்டால் அந்த நிமிடமே 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணை அழைப்பது: இவை நம் பக்கக் காவல். போன் செய்து கேட்கும் விதியை வாங்குபவரிடமும் முதல் ஒப்பந்தத்திலேயே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.