வாக்கியத்தில் குடும்பப்பெயர்: 'குமாரசுவாமி' ஒரு சான்று

தமிழரின் பெயர்மரபில் குடும்பப்பெயர் பெருவழக்கன்று. தந்தை பெயர் முன்னும் இயற்பெயர் பின்னுமாக அமைவதே இயல்பு. தந்தை பெயர் தலைப்பெழுத்தாகச் சுருங்கினும், இயற்பெயரே எழுவாயாக நின்று வேற்றுமை உருபுகளை ஏற்கும். இம்மரபுக்குப் புறம்பான குடும்பப்பெயரொன்று தமிழ் வாக்கியத்துட் புகும்போது நேரும் இடர்ப்பாட்டினை விளக்குதற்கு ஆனந்த குமாரசுவாமியின் (1877-1947) பெயர் மிகப் பொருத்தமான சான்றாகும்.

'குமாரசுவாமி' முதலில் ஒருவரது இயற்பெயராகவே இருந்தது. இலங்கைச் சட்டநிரூபண சபையில் முதலாவது தமிழ்ப் பிரதிநிதியாக விளங்கிய ஆறுமுகநாதபிள்ளை குமாரசுவாமியே அவர். அவர் மைந்தர் முத்து (1834-1879), தந்தை பெயரைத் தம் பெயருக்குப் பின்னே அமைத்துக்கொண்டார். முத்துவின் மைந்தரான ஆனந்தருக்கோ தந்தையின் இயற்பெயர் குடும்பப்பெயராக அமையவில்லை. பாட்டனார் பெயரே குடும்பப்பெயராக வந்து சேர்ந்தது.

அதே பாட்டனாரின் மகள்வழிப் பேரர்களான இராமநாதனும் அருணாசலமும் பழைய மரபையே கைக்கொண்டனர். தந்தையார் பொன்னம்பலத்தின் பெயர் அவர்களுக்கு முன்னொட்டாயிற்று. 'சேர்' பட்டத்தை முதற்பெயரோடு சேர்த்து வழங்கும் ஆங்கில விதிப்படி இருவரும் 'சேர் பொன்னம்பலம்' ஆகியிருப்பர். தமிழ் வழக்கோ 'சேர் பொன். இராமநாதன்', 'சேர் பொன். அருணாசலம்' எனத் தந்தை பெயரைச் சுருக்கி இயற்பெயரை நிலைநாட்டியது. பேராதனையில் இராமநாதன் மண்டபம், அருணாசலம் மண்டபம் எனத் தனித்தனியே வழங்குவதும் இயற்பெயரால் வந்த தெளிவேயாம்.

இத்தெளிவு 'குமாரசுவாமி' என்னும் பெயரில் இல்லை. 'குமாரசுவாமி ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார்' என்னும் வாக்கியம் இலக்கண வழுவற்றது. ஆயினும் பொருள் மயக்கமுடையது. அரிச்சந்திர நாடகத்தை 1863இல் ஆங்கிலத்தில் தந்தவர் தந்தை. அபிநய தர்ப்பணத்தை 1917இல் மற்றொருவருடன் இணைந்து தந்தவர் மகன். யாழ்ப்பாணத்து வாசகரின் நினைவில் சுன்னாகம் அ. குமாரசுவாமிப் புலவரும் (1854-1922) எழுவர். அவருக்கு அது இயற்பெயர். ஒரே சொல் ஒருவருக்குத் தம் பெயராகவும் மற்றொருவருக்குப் பாட்டன் பெயராகவும் நிற்கின்றது.

இவ்வாறிருக்க, கட்டுரையாளர் பலர் 'குமாரசுவாமி கூறுகிறார்' என எழுதுவதேன்? ஆங்கில ஆய்வுநூல்களில் குடும்பப்பெயரால் மட்டும் சுட்டுவது முறையான நடையாகும். அம்முறையைத் தமிழுக்குக் கொணர்ந்தால் தமிழ் நடையும் ஆய்வுத்தகுதி பெறும் என்பது அவர்தம் எண்ணம் போலும். தமிழிலோ மதிப்பு பெயர்த் தெரிவிலன்றி வினைமுற்றிலேயே பெரிதும் தங்கியுள்ளது. 'கூறுகிறார்' என்ற உயர்வுப் பன்மையே மரியாதையை உணர்த்திவிடுகின்றது. ஆகையால் குடும்பப்பெயரால் தமிழ் வாக்கியம் அடையும் ஊதியம் யாதுமில்லை, இழப்போ உண்டு.

அங்ஙனமாயின் 'ஆனந்தர்' என இயற்பெயராற் சுட்டலாமே எனின், அதுவும் முற்றும் பொருந்தாது. பௌத்த கலை பற்றி நிறைய எழுதியவர் அவர். அத்தகைய கட்டுரையொன்றில் 'ஆனந்தர்' என்றால் புத்தரின் சீடரே முன்வந்து நிற்பார். குடும்ப வரலாற்றைப் பேசுமிடத்திற் பொருந்தும் பெயர், கலை வரலாற்றைப் பேசுமிடத்தில் மயக்கந் தருகின்றது. எனவே 'ஆனந்த குமாரசுவாமி' என்னும் முழுப்பெயரையே ஒருசொல் நீர்மைத்தாகக் கொண்டு உருபேற்றுதல் தக்கது. நீளம் சிறிது கூடினும் ஐயம் அகலும். தந்தையாரையும் அவ்வாறே 'முத்து குமாரசுவாமி' எனல் வேண்டும்.

இது நடைபற்றிய சிறு நுணுக்கமெனத் தள்ளிவிடத்தக்கதன்று. மகனின் உலகப்புகழ் அப்பெயரைத் தனக்கே உரியதாக்கிக்கொண்டபோது, தமிழ் நாடகமொன்றை ஆங்கில வாசகருக்கு அளித்த தந்தையின் உழைப்பு அதே பெயருக்குள் மறைந்துபோயிற்று. யார் எதனைச் செய்தார் என்பதைப் பிழையறக் கூறுதல் ஆய்வின் முதற்கடமை. அக்கடமை எழுவாயிலேயே தொடங்குகின்றது.