போர்வை யாருக்கு?

ஆலிஸ் வாக்கரின் 'எவ்ரிடே யூஸ்' (1973) கதையைப் படிப்பவர்களில் பலர் மூத்த மகள் டீயைத் திட்டிவிட்டு முடித்துக்கொள்கிறார்கள். எனக்கு அது போதவில்லை.

படிக்கப் போன டீ, அமெரிக்கத் தெற்கின் கிராமமொன்றில் இருக்கும் கறுப்பினத் தாயையும் தங்கை மேகியையும் பார்க்க வருகிறாள். அம்மாவுக்கு முத்தம் கொடுக்கும் முன்பே போலராய்டு கேமராவை எடுக்கிறாள். எல்லாப் படத்திலும் வீடு விழ வேண்டும். சாப்பிட்டதும் வெண்ணெய் கடையும் மத்தைக் கேட்கிறாள், அலங்காரத்துக்கு. தலைமுறைகளாகக் கடைந்த கைகள் அந்த மரத்தில் பள்ளம் விழுத்தியிருக்கின்றன. மத்து இன்னும் புழக்கத்தில்தான் இருக்கிறது!

அடுத்து, பாட்டி துண்டு சேர்த்த ஒட்டுத்துணிப் போர்வைகள். அதில் கொள்ளுத்தாத்தாவின் உள்நாட்டுப் போர்ச் சீருடையும் தீப்பெட்டி அளவுக்கு இருக்கிறது. சுவரில் மாட்ட வேண்டும் என்கிறாள் டீ. பெண்களின் தையலைக் கலை என்று சொல்ல ஒருத்தி வேண்டியிருந்தது, அதில் தப்பில்லை. ஆனால் அதே தையலைக் கற்ற கை பக்கத்தில் நிற்பது அவளுக்குத் தெரியவில்லை.

"அவளே வைத்துக்கொள்ளட்டும்" என்கிற பொருளில் மேகி பேசுவதைப் பெருந்தன்மை என்று மெச்சுகிறார்கள். தீக்காயத் தழும்போடு ஒதுங்கியே வளர்ந்தவள், எதையும் ஜெயித்துப் பழகாதவள் வேறென்ன சொல்வாள்? அம்மா அந்தத் தியாகத்தை ஏற்கவில்லை. போர்வைகளைப் பிடுங்கி மேகியின் மடியில் போடுகிறாள். கதையில் எனக்கு முக்கியமான இடம் இதுதான்.

டீ கிளம்பும்போது மேகி பயமில்லாமல் சிரிக்கிறாள். பிறகு தாயும் மகளும் பெருக்கிய முற்றத்தில், தூக்கம் வரும்வரை, சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள்.