சுல்தானாவின் கனவும் நம் வீட்டு அடுப்பும்

நம் இல்லங்களில் ஒரு வழக்கு நெடுங்காலமாக நடந்து வருகிறது. வாதிகள் மாறுவார்கள், வழக்கு மாறாது. முன்னர் அது அம்மிக்கும் மிக்ஸிக்கும் நடந்தது. பிறகு ஆட்டுரலுக்கும் கிரைண்டருக்கும் நடந்தது. விறகடுப்பு ஒரு பக்கமும் எரிவாயு அடுப்பு மறுபக்கமுமாக நின்ற காலமும் உண்டு. இன்று, கைப்பேசியைத் தட்டினால் வாசலுக்கு வந்து நிற்கும் பிரியாணிப் பொட்டலத்தைக் குறித்து அதே வழக்கு நடக்கிறது. "மிக்ஸியில் அரைத்த மசாலாவில் மணம் எங்கே இருக்கிறது?" என்று மாமி கேட்பார். "மணம் வேண்டுமென்றால் அம்மி முற்றத்தில்தானே கிடக்கிறது, மாமி!" என்று மருமகள் சொல்ல நினைத்துச் சொல்லாமல் விடுவாள். வாப்பா செய்தித்தாளிலிருந்து தலையை நிமிர்த்தி, அந்தக் காலத்துப் பெண்களின் உடல் வலிமைக்கு ஆட்டுரலே காரணம் என்று தீர்ப்புக் கூறுவார். அவர் ஒருநாளும் குழவியைப் பிடித்தவர் அல்லர் என்பதை எவரும் எடுத்துக் கூறுவதில்லை.

இந்த வழக்கை 1905ஆம் ஆண்டிலேயே ஒரு கதையாக்கி, தீர்ப்பையும் தலைகீழாகப் புரட்டி வைத்த முஸ்லிம் பெண்மணி ஒருவர் உண்டு. பேகம் ருகையா சகாவத் ஹுசைன் என்பது அவர் பெயர். 'சுல்தானாவின் கனவு' என்பது கதை. வங்கத்துப் பெண் ஆங்கிலத்தில் எழுதிய அக்கதை முதன்முதலில் அச்சேறியது நம்முடைய சென்னையில்தான். கமலா சத்தியநாதன் அம்மையார் 1901 முதல் இங்கு நடத்திய 'தி இண்டியன் லேடீஸ் மேகஸின்' என்னும் ஏடு அதனை வெளியிட்டது. 1908இல் அது தனி நூலாகக் கல்கத்தாவில் வெளிவந்தது. சென்னையில் பிறந்த கதை என்று நாம் உரிமை கொண்டாடத் தக்க அதனை நம்மில் எத்தனை பேர் படித்திருக்கிறோம்?

ஆசிரியை வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ரங்கப்பூர் மாவட்டத்துப் பைராபந்து என்னும் சிற்றூரில் 1880இல் பிறந்தார். வீட்டுப் பெண்களுக்கு ஆங்கிலமும் வங்கமும் ஆகாது என்றிருந்த குடும்பம். தமையனார் இரவில், வீட்டார் உறங்கிய பிறகு, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் தங்கைக்கு ஆங்கிலம் கற்பித்தார். பாகல்பூரில் அரசு அலுவலராக இருந்த கணவரும் கல்விக்குத் துணை நின்றவரே. அவர் சுற்றுப்பயணம் சென்றிருந்த நாட்களில் பொழுதுபோக்காக எழுதப்பட்டது இக்கதை. திரும்பி வந்த கணவர் அதனை நின்றபடியே முழுவதும் படித்து முடித்தாராம்.

கதையின் போக்கு எளிது. சாய்வு நாற்காலியில் அமர்ந்து இந்தியப் பெண்களின் நிலையை எண்ணிக்கொண்டிருந்த ஒருத்தி கண் அயர்கிறாள். அவள் தோழி சாராவைப் போன்ற ஒருத்தி வந்து உலவ அழைக்கிறாள். வெளியே வந்தால் பட்டப்பகல்; தெருவெல்லாம் பெண்கள்; ஆண்வாடையே இல்லை. அந்த நாட்டில் ஆண்கள் அந்தப்புரத்தில் இருக்கிறார்கள். பெண்கள் ஆள்கிறார்கள், ஆராய்கிறார்கள், ஆகாயத்தில் பறக்கிறார்கள். கூச்சப்பட்டு நடக்கும் நம் கதைத்தலைவியைப் பார்த்து, "ஆண்பிள்ளை போல நாணுகிறாளே!" என்ற பொருளில் அவ்வூரார் கேலி பேசுகிறார்கள். இந்த ஒரே ஒரு கேலியில் கதையின் முழுத் திட்டமும் அடங்கிவிடுகிறது.

ஆனால் என்னைக் கட்டி நிறுத்திய இடம் தெருவன்று, சமையலறை. விருந்தாளி வருகிறாள் என்று அங்கே வேலையாக இருந்த ஆண்களை ஒதுங்கச் சொல்லிவிட்டுச் சாரா அவளை உள்ளே அழைத்துச் செல்கிறாள். அழகிய காய்கறித் தோட்டத்தின் நடுவே அமைந்த அறை. புகை இல்லை, புகைபோக்கியும் இல்லை. கரி இல்லை, நெருப்பின் அடையாளமே இல்லை. சூரிய வெப்பத்தைச் சேமித்து, குழாய் வழியே கொண்டு வந்து சமைக்கிறார்கள். கதையில் வரும் விந்தைகளுள் ஆகாய ஊர்தியைவிட இதுவே பெரிது என்பேன். பறப்பதைக் கனவு காண எவராலும் முடியும். அடுப்பங்கரையில் கண் கசக்கியவர்தான் புகையில்லாத அடுப்பைக் கனவு காண்பார்.

இதை வெறும் மாயக்கதை என்று ஒதுக்கவும் இயலாது. பாரிஸ் மாநகரில் 1878இல் நடந்த உலகக் கண்காட்சியில் மூஷோ என்ற பிரெஞ்சு அறிஞர் சூரிய வெப்பத்தால் இயந்திரத்தை இயக்கிப் பனிக்கட்டி செய்து காட்டினார். அதே ஆண்டில் பம்பாயில் அலுவல் பார்த்த வில்லியம் ஆடம்ஸ் என்ற ஆங்கிலேயர், கண்ணாடிகளால் வெயிலைக் குவித்துச் சமைக்கும் வகையை ஆராய்ந்து, வெப்ப நாடுகளில் விறகுக்கு மாற்றாகச் சூரிய வெப்பத்தைக் கொள்ளலாம் என்று நூலே வெளியிட்டார். ரைட் சகோதரர்கள் வானில் எழும்பியது 1903இன் இறுதியில். ஆகவே ருகையா அம்மையாரின் கற்பனை அவர் காலத்து அறிவியலுக்கு வெகு தொலைவில் இல்லை. அதன் அடுத்த படியில் கால் வைத்து நிற்கிறது. அந்தப் படியை நாம்தாம் மெல்ல ஏறினோம். ஏழை இல்லத்துப் பெண்கள் பெயரில் எரிவாயு இணைப்பு வழங்கும் உஜ்வலா திட்டம் நம் நாட்டில் தொடங்கியது 2016இல். கதைக்கும் அதற்கும் இடையே 111 ஆண்டுகள்!

இனி, சுருட்டுக் கணக்கு. சாரா தன் ஆய்வுக்கூடப் பணியை இரண்டு மணி நேரத்தில் முடித்துவிடுவாள். "எங்கள் ஊரில் ஆண்கள் ஏழு மணி நேரம் அலுவலகத்தில் இருக்கிறார்களே" என்ற வியப்புக்கு அவள் ஒரு கணக்கைச் சொல்கிறாள். ஒரு சுருட்டு எரிந்து முடிய அரைமணி. நாளொன்றுக்கு ஒருவர் பன்னிரண்டு சுருட்டுப் பிடித்தால் ஆறு மணி நேரம் புகையாகிறது. வாசகர் இங்கே சிரித்துவிட்டுப் போய்விடுவார். சற்று நின்று கணக்கைப் பார்க்க வேண்டும். ஏழில் ஆறு போனால் ஆண் செய்யும் வேலை ஒரு மணி நேரம். பெண் செய்வது இரண்டு. ஆணைவிடப் பெண் விரைவாகச் செய்கிறாள் என்று ஆசிரியை சொல்லவில்லை. கூடுதலாக உழைத்தும் நேரத்தோடு வீடு திரும்புகிறாள் என்றுதான் சொல்கிறார். அடுப்புப் புகைக்கு அஞ்சுபவள் பெண், சுருட்டுப் புகையில் பொழுதைப் போக்குபவன் ஆண் என்று இரண்டு புகைகளையும் அடுத்தடுத்து வைத்திருப்பதும் தற்செயலாக எனக்குத் தோன்றவில்லை.

குறைகளுக்கு வருவோம். பகைநாட்டிலிருந்து ஓடி வந்தோருக்கு அடைக்கலம் தந்ததற்காகப் போர் மூள்கிறது. ஆண் படை தோற்கிறது. அப்பொழுது பல்கலைக்கழகத் தலைவி தன் மாணவியர் இரண்டாயிரம் பேருடன் சென்று, சேமித்த சூரிய வெப்பத்தைப் பகைவர்மேல் பாய்ச்சுகிறாள், பகைவர் ஓடுகிறார்கள். சோறாக்கிய அதே வெயில் எதிரியைச் சுட்டெரிக்கிறது! கதை இதனைக் கடந்து போகும் வேகம் எனக்கு உவப்பாயில்லை. ஹிரோஷிமாவை 1945இல் கண்டுவிட்ட உலகில் இருந்துகொண்டு அந்தப் பக்கத்தை முன்னைய வாசகர் போல நாம் புரட்ட முடியாது. சண்டை போடுவது ஆண்களின் நோய் என்று கூறிவந்த கதை, வெற்றிக்காக அந்த நோயையே மருந்தாக எடுத்துக்கொள்கிறது.

இரண்டாவது குறையை வேறு சிலர் வேறுவிதமாகச் சொல்வார்கள். ஆண்களை அடைத்து வைப்பது எந்த நீதி என்பார்கள். அது கண்ணாடி, கண்ணாடியில் இடது வலதாகத்தான் தெரியும். பர்தாவை அம்மையார் பழித்தார் என்று பேசுவோரும் உண்டு. புர்கா பற்றி அவர் வங்கத்தில் எழுதிய கட்டுரையைப் பார்த்தால், அளவான மறைப்பை அவர் ஏற்றுக்கொண்டவர் என்பதும், எதிர்த்தது மூச்சு முட்ட அடைத்து வைப்பதையே என்பதும் விளங்கும். நான் சொல்ல வருவது வேறு. புகையில்லாத அந்தச் சமையலறையிலும் ஒருவர் நின்று சமைத்துக்கொண்டுதான் இருக்கிறார். அவர் ஆணாக மாறியிருக்கிறாரே தவிர, ஒதுங்கச் சொன்னால் ஒதுங்க வேண்டியவராகவே இருக்கிறார். அந்தச் சூரியக் குழாய்களைப் பதித்தவர் யார், பழுதானால் சரிசெய்பவர் யார் என்ற பேச்சும் கதையில் இல்லை. அரசி இருக்கிறாள், அறிஞர் இருக்கிறார்கள். கூலிக்காரி ஒருத்தியும் இல்லை.

இது அந்தக் கதைக்கு மட்டும் உரிய குறையாகுமா? இராமநாதபுரம் மாவட்டத்துக் கமுதியில் 2016இல் அமைந்த 648 மெகாவாட் சூரிய மின்நிலையத்தைப் பற்றிய செய்தியைப் பெருமையோடு படித்தோம். வெயிலில் நின்று அதன் தகடுகளைப் பொருத்திய கைகளை எத்தனை பேர் எண்ணினோம்? நம் வாசலில் பிரியாணிப் பொட்டலத்தை நீட்டும் இளைஞன் நண்பகல் வெயிலில் தலைக்கவசத்துக்குள் வியர்த்து நிற்கிறான். ஒரு வீட்டின் வசதி இன்னொரு வீட்டுப் பிள்ளையின் கால்வலியாக இருக்கிறது. மாமியும் மருமகளும் மணத்தைப் பற்றி வழக்காடும்போது, அவன் சாட்சியாகக்கூட அழைக்கப்படுவதில்லை.

வசதிப் பொருள்கள் பெண்ணுக்கு நேரத்தை மிச்சப்படுத்துகின்றன என்பதையும் எளிதில் நம்பிவிடலாகாது. அமெரிக்க வரலாற்றாசிரியை ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983இல் வெளியிட்ட நூலில், வீட்டு இயந்திரங்கள் பெருகப் பெருகத் தூய்மைக்கும் சமையலுக்கும் உரிய எதிர்பார்ப்பும் உயர்ந்து, இல்லத்தரசியின் பொழுது குறையாமலே போனதை விரிவாகக் காட்டினார். நமக்கு அமெரிக்கா வேண்டியதில்லை. ஆட்டுரல் இருந்த நாளில் இட்டலி பல வீடுகளில் விசேட நாட்களுக்கு உரியது. கிரைண்டர் வந்தது, இட்டலி அன்றாடமாயிற்று. 2011இல் தமிழக அரசு மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி ஆகியவற்றை விலையின்றி வழங்கத் தொடங்கியபோது, பெண்கள் சோம்பேறிகளாகிவிடுவார்கள் என்று திண்ணையில் அமர்ந்து வருந்தியோர் உண்டு. திண்ணையில் அமர்ந்து வருந்துவது என்ன வகை உழைப்பு என்று அவர்களை யாரும் கேட்கவில்லை. ஆனால் மிச்சமான நேரம் என்னவாயிற்று என்ற கேள்வியை அவர்களும் கேட்கவில்லை, வாங்கிக்கொண்ட நாமும் கேட்கவில்லை.

ருகையா அம்மையார் கேட்டார். அவர் கதையை ஏனைய அறிவியல் கற்பனைகளிலிருந்து பிரித்து நிறுத்துவது இதுவே. அந்நாட்டில் முதலில் வந்தது இயந்திரமன்று. பெண்கள் அனைவரும் படிக்க வேண்டும் என்ற அரசியின் ஆணை முதலில் வந்தது. இருபத்தொரு வயதுக்கு முன் திருமணம் இல்லை என்ற சட்டம் வந்தது. பெண்களுக்கென்று இரண்டு பல்கலைக்கழகங்கள் எழுந்தன. அவற்றுள் ஒன்று முகிலிலிருந்து குழாய் வழியே நீர் எடுக்கும் பலூனைக் கண்டுபிடித்தது. அதைக் கண்டு மற்றொன்று சூரிய வெப்பத்தைச் சேமிக்கும் கருவியைக் கண்டது. ஆண்கள் அப்பொழுது படைபலத்தைப் பெருக்கிக்கொண்டு, இவர்களின் ஆராய்ச்சியை எள்ளிக்கொண்டிருந்தனர். அந்தச் சமையலறைக் குழாய் கடையில் வாங்கி வந்த பொருளன்று. அதனைக் கண்டுபிடித்தவள் பெண். நம் வீட்டு வழக்கிலோ, மிக்ஸியை ஆதரிப்போரும் எதிர்ப்போரும் ஒரு செய்தியில் உடன்பட்டிருக்கிறார்கள்: பெண் என்பவள் அதை வாங்குபவள், அல்லது வாங்காதவள். அதன் மூடியைக் கழற்றி உள்ளே பார்க்கும் உரிமை உடையவளாக அவளை எவரும் எண்ணவில்லை.

கலை நோக்கில் இக்கதை குறைவற்றது என்று நான் வாதிட மாட்டேன். அரசி பொம்மை போல வந்து போகிறாள். சாரா சொல்லச் சொல்ல மற்றவள் வியந்துகொண்டே இருப்பது நடுவில் சற்றுச் சலிக்கிறது. ஆகாய ஊர்தியிலிருந்து நழுவி விழுந்து, கண் விழித்தால் பழைய சாய்வு நாற்காலி என்ற முடிவும் எதிர்பார்த்ததே. எனினும் ஆங்கிலம் எளிய ஆங்கிலம். சினமுள்ள இடத்திலும் சிரித்தே பேசுகிறது. நம் மொழியில் நாகூர் சித்தி ஜுனைதா பேகம் அவர்கள் 1938இல் 'காதலா கடமையா' நாவலை வெளியிட்டுப் பெருமை சேர்த்தார். அந்தத் துணிவுக்கு இணையாக, அறிவியலைக் கருவாகக் கொண்டு நம் பெண்டிர் எழுதும் கதைகளுக்கு இதழாசிரியர்கள் வாசலைத் திறந்து வைக்க வேண்டும்.

கணவர் 1909இல் காலமான பிறகு, பாகல்பூரில் ஐந்து மாணவியரைக் கொண்டு அம்மையார் அவர் பெயரால் ஒரு பள்ளி தொடங்கினார். 1911இல் அது கல்கத்தாவுக்கு மாறியது. அங்கு முதலில் எட்டுப் பேர். மாணவியரை அழைத்து வரப் பள்ளிக்கு மோட்டார் பேருந்து வந்த கதையை 1931இல் வெளிவந்த 'அவரோத்பாசினி' நூலில் அவரே எழுதியிருக்கிறார். கோஷா கெடக்கூடாதென்று வண்டியைக் காற்றும் நுழையாதபடி அடைத்துவிட்டார்கள். இருட்டிலும் புழுக்கத்திலும் சிறுமியர் வாந்தியெடுத்தனர், மயங்கி விழுந்தனர். பெற்றோரிடமிருந்து முறையீடு வந்தது. அடைப்பை எடுத்துத் திரை தொங்கவிட்டார்கள். திரை காற்றில் பறக்கிறது, பர்தா குலைகிறது என்று கண்டனக் கடிதங்கள் வந்தன. கதையில் சாரா ஒரு பலகையில் இரண்டு இருக்கைகளைத் திருகி, நாற்புறமும் திறந்த ஊர்தியில் தோழியை ஏற்றிக்கொண்டு அரசியைக் காணப் பறந்துவிட்டாள். கல்கத்தாவில் அம்மையார் அந்தத் திரையை எவ்வளவு உயர்த்துவது, எவ்வளவு தாழ்த்துவது என்று ஆராய்ந்துகொண்டிருந்தார்.