வெள்ளங்கி யாருடையது?

ஆடை பேசும் இயல்புடையது. அரசனின் ஆடை அதிகாரத்தைப் பேசுகிறது. துறவியின் ஆடை துறவைப் பேசுகிறது. ஞாயிறுதோறும் நம் பலிபீடத்தைச் சூழ்ந்து நிற்கும் பீடச் சிறாரின் ஆடை எதைப் பேசுகிறது? இக்கேள்வியை நாம் எழுப்புவதே அரிது. "பார்க்க அழகாயிருக்கிறது" என்பதோடு நம் திறனாய்வு முடிந்துவிடுகிறது.

திருச்சபையில் இவ்வுடை இரு மரபுகளில் வந்துள்ளது. முதலாவது, சிவப்பு அல்லது கறுப்பு நீளங்கியும் அதன்மேல் அணியும் குட்டையான வெண்மேலாடையும். நீளங்கி குருக்களின் உடை. மேலாடையின் இலத்தீன் பெயருக்கு 'மயிர்த்தோல் ஆடையின்மேல் அணிவது' என்று பொருள். குளிர் மிகுந்த வட ஐரோப்பியக் கோவில்களில் நெடுநேரம் செபித்த குருக்களும் துறவியரும் தோலாடைமேல் அணியக் கண்ட தளர்ந்த வெண்ணுடை அது. சிறு பட்டங்கள் பெற்றோர் ஆற்றிய பணியைக் காலப்போக்கில் சிறுவர் ஏற்றபோது, உடையும் அவர்களிடம் வந்தது. ஆக, இம்மரபில் சிறுவன் இல்லாத ஒரு குருவுக்குப் பதிலாக நிற்பவன்.

இரண்டாவது மரபு, தோள்முதல் பாதம்வரை நீளும் வெள்ளங்கி. பண்டை உரோமையரின் உள்ளங்கியிலிருந்து உருவான இது, திருமுழுக்குப் பெற்றோர் அணிந்த வெண்ணுடையை நினைவூட்டுவது. 2002ஆம் ஆண்டின் உரோமைத் திருப்பலி நூலின் பொதுப் படிப்பினை, எந்நிலைத் திருப்பணியாளருக்கும் பொதுவான திருவுடை இதுவே என்கிறது. பொதுநிலைப் பணியாளரும் இதையோ, ஆயர் பேரவை ஏற்கும் தகுந்த வேறு உடையையோ அணியலாம் என்கிறது.

இரண்டுமே முறையானவைதாம். ஆயினும் இரண்டாவதே உண்மையை நிறைவாய் உரைக்கிறது என்பது என் கருத்து. பீடச் சிறார் ஆற்றுவது உண்மையான திருவழிபாட்டுப் பணி என 1963இல் வத்திக்கான் சங்கம் அறிவித்தது. 1972இல் திருத்தந்தை ஆறாம் பவுல் சிறு பட்டங்களை நீக்கி, வாசகர், பீடத்துணைவர் பணிகளைப் பொதுநிலையினருக்கும் உரியவையாக்கினார். 1994இல் சிறுமியரும் ஆயரின் இசைவோடு பீடத்தில் பணியாற்றலாம் என்ற விளக்கம் வந்தது. 2021இல் திருத்தந்தை பிரான்சிஸ் அவ்விரு பணிகளையும் பெண்களுக்குத் திறந்தார். இவை அனைத்தின் வேர் திருமுழுக்கு. குருவிடமிருந்து கடன் வாங்கிய பெருமையாலன்று, தம் திருமுழுக்கின் உரிமையாலேயே பிள்ளைகள் பீடத்தருகே நிற்கின்றனர்.

"சிவப்பு மறைசாட்சியரின் இரத்தமல்லவா?" என்று சிலர் கேட்பர். நல்ல கேள்வி. ஆனால் திருவெளிப்பாட்டின் 7ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். பெருந்துன்பத்தினின்று வந்தவர்கள் தம் அங்கிகளை ஆட்டுக்குட்டியின் இரத்தத்தில் தோய்க்கிறார்கள். அவை சிவக்கவில்லை, வெளுக்கின்றன! நம் மண்ணில் இழப்பின் நிறமாகவும் இருக்கும் வெண்மை, அங்கே வெற்றியின் நிறமாகிறது.

"பிள்ளைகளுக்கு அழகு வேண்டாமா?" என்பர் வேறு சிலர். வேண்டும். ஆனால் சங்கம் நாடச் சொன்னது வெறும் பகட்டையன்று, மேன்மையான அழகை. 428ஆம் ஆண்டிலேயே திருத்தந்தை முதலாம் செலஸ்தீன் காலியா நாட்டு ஆயர்களுக்கு எழுதிய மடலில், மக்களிடமிருந்து நம்மை வேறுபடுத்த வேண்டியது உடையன்று, போதனையே என்று கண்டித்தார். சரிகையும் பின்னல் வேலையும், மூத்தவருக்கு ஒரு தோள்துணி, இளையவருக்கு ஒன்று என்ற படிநிலையும் பெருகும்போது, பணிவிடை கற்க வந்த பிள்ளை முதலில் கற்பது தரவரிசையைத்தான்.

இது வெறும் துணியைப் பற்றிய வாதமன்று. கிறிஸ்துவை அணிந்துகொண்டோரிடையே யூதர், கிரேக்கர் என்றோ, அடிமை, உரிமைக் குடிமகன் என்றோ வேறுபாடில்லை எனப் பவுலடியார் கலாத்தியருக்கு எழுதினார். நம் தமிழகத் திருச்சபையிலோ, தலித் குடும்பங்களின் பிள்ளைகளுக்குப் பீடப் பணி மறுக்கப்பட்ட ஊர்கள் உண்டு. அதை மறைத்துப் பயனில்லை. அத்தகைய வரலாறுடைய மண்ணில், ஒரே வெள்ளங்கிக்குள் நிற்கும் பத்துப் பிள்ளைகள் எந்த மறையுரையும் சொல்லாததைச் சொல்கிறார்கள். எவன் எந்தத் தெரு, எவளுடைய தந்தைக்கு என்ன தொழில் என்று அங்கி நம்மிடம் கூறுவதில்லை.

ஆனால் அவ்வங்கியைப் பெற்றோரே தைத்துத் தரவேண்டும் என்றால்? பணமுள்ள வீட்டுப் பிள்ளையின் அங்கி தும்பைப்பூவாய் மின்னும். கூலித் தொழிலாளியின் மகன், "எனக்கு வர விருப்பமில்லை" என்று பொய் சொல்லி ஒதுங்குவான். நாம் வாசலில் துரத்திய வேற்றுமை துணியின் வழியே உள்ளே நுழைந்துவிடும்.

எனவே அங்கிகள் பங்கின் பொதுச் சொத்தாக இருக்கட்டும். பல அளவுகளில் தைத்து வைப்போம். அவற்றைத் துவைத்துத் தேய்த்துத் தரும் பொறுப்பை அன்பியங்கள் முறைவைத்து ஏற்கட்டும். புதிதாய்ச் சேரும் பிள்ளைக்கு மணியடிக்கக் கற்பிக்குமுன், அது திருமுழுக்குப் பெற்ற நாளைப் பங்கின் பதிவேட்டில் தேடிக் காட்டுவோம். அந்த நாளில் தனக்கு அணிவிக்கப்பட்ட வெண்ணுடையே இப்போது தன் உயரத்திற்கு வளர்ந்திருக்கிறது என்று அது அறிந்துகொள்ளட்டும்.